பறிமுதலான இரண்டாம் பாகம்

"மிஸ், இன்னைக்கு வெள்ளிக்கிழமை. என் புத்தகம்..."

இழுப்பறையைப் பாதி திறந்து வைத்து அதற்குள் குனிந்திருந்த ஃபெலிசிதாஸ் அல்மோன்தே, சட்டென்று அதை மூடினார். விரல் மாட்டிக்கொண்டது. வலியை வெளியே காட்டினால் கணக்கு டீச்சருக்கு மரியாதை ஏது?

இலோயிலோ நகரத்துக் கன்னியர் பள்ளியில் அவர் பெயரைச் சொன்னாலே ஒன்பதாம் வகுப்பு புத்தகத்துக்குள் தலையை ஒளித்துக்கொள்ளும். தினமும் பிள்ளைகளை ஒவ்வொருவராக எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்டு வறுத்தெடுப்பார். வகுப்பில் பிடுங்கிய பொருள் எதுவானாலும் அந்த வார வெள்ளிக்கிழமை திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது பள்ளிச் சட்டம். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த புண்ணியவதியும் அவரேதான்.

எதிரே நின்ற ஜெரிலின், முதல் பெஞ்சில் உட்கார்ந்து மூக்குக்கு நேரே புத்தகத்தை விரித்து வைத்து மாட்டிக்கொண்டவள். ஒளித்து வைத்துப் படிக்கக்கூடத் துப்பில்லாத பெண்! அது நிலவில் நடக்கும் ஒரு காதல் கதையின் இரண்டாம் பாகம். முதல் பாகத்தையும் போன மாதம் இவளிடமிருந்துதான் பிடுங்கினார். இதில் அப்படி என்னதான் எழுதியிருக்கிறது என்று புரட்டியதுதான் வினை. அந்த வாரம் முழுக்கப் பலகையில் கணக்குகளை எழுதிப்போட்டு, "சத்தம் வரக்கூடாது, போடுங்க" என்று சொல்லிவிட்டு இழுப்பறைக்குள் குனிந்தவர் நிமிரவேயில்லை.

கதையில் ஜோவன் என்று ஒரு விண்கல ஓட்டி. நெரிஸ் என்ற பெண் நிலவில் அவனுக்காகக் காத்திருக்கிறாள். முதல் பாகத்தின் முடிவில் அவன் ஞாபகம் அழிந்து வந்து இறங்குகிறான். அவளை யாரோ எவரோ என்று தாண்டிப் போகிறான். ஃபெலிசிதாஸ் அந்த இடத்தில் குலுங்கிக் குலுங்கி அழுதார். அவர் காதலித்துக் காத்திருந்த ரெனாத்தோவும் கப்பல் வேலைக்குப் போனவன்தான். பல வருடம் கழித்து ஹாரோ மாதா கோவில் திருவிழாக் கூட்டத்தில் மனைவி பிள்ளைகளோடு எதிரே வந்தான். நேருக்கு நேர் பார்த்தான், அவரை அடையாளமே தெரியாமல் தாண்டிப் போய்விட்டான்.

ஜோவனாவது நெரிஸை அடையாளம் கண்டுகொள்வானா? அது தெரியாமல் புத்தகத்தைக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. இரண்டாம் பாகம் செங்கல் மாதிரி இருந்ததால் ஒரு வாரம் போதவில்லை.

"ரெண்டாவது தடவை மாட்டியிருக்க. அம்மாவைக் கூட்டிட்டு வா, தரேன்" என்றார். எப்படியும் திங்கட்கிழமை ஆகிவிடும் என்று கணக்குப் போட்டார்.

கணக்கு டீச்சர் போட்ட கணக்கு தப்பாகிவிட்டது. ஜெரிலினின் அம்மா பள்ளி வாசலிலேயே பிஸ்கோச்சோ ரொட்டி சுட்டு விற்பவள். கையில் இடுக்கியோடு அப்போதே வந்து நின்றாள்.

"படிக்க அனுப்பினா காதல் கதையாடி கேக்குது உனக்கு? குடுங்க மிஸ் அதை. அடுப்பு எரிஞ்சுட்டுதான் இருக்கு, தூக்கிப் போட்டுடறேன்!"

ஃபெலிசிதாஸுக்கு உயிரே போய்விட்டது. "அடுப்புலயா? ஐயையோ, அவசரப்படாதீங்கம்மா! இது... இது சிஸ்டர் பாக்க வேண்டிய விஷயம்."

"அப்ப வாங்க, இப்பவே போவோம்!"

தலைமை ஆசிரியை சிஸ்டர் பெர்பெத்துவா அட்டைப் படத்தைப் பார்த்தார். விண்கலத்துக்குள் இரண்டு பேர் முத்தமிட்டுக்கொண்டிருந்தார்கள். சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

"இதுல என்னென்ன பாவம் இருக்குன்னு நானே பாத்துச் சொல்றேன்" என்று புத்தகத்தை அங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

சனியும் ஞாயிறும் ஃபெலிசிதாஸுக்குச் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை முதல் வேலையாகப் போய் நின்றார்.

"பாத்துட்டிருக்கேன்" என்றார் சிஸ்டர்.

செவ்வாய்க்கிழமையும் போனார். "உங்களுக்கு எதுக்கு சிஸ்டர் சிரமம்? மீதியை நான் பாக்கட்டுமா?"

"வேணாம், வேணாம். இந்தப் பாவத்தை நானே சுமந்துக்கறேன்."

மறுநாள் சிஸ்டரே கூப்பிட்டு அனுப்பினார். உள்ளே வந்ததும் கதவைச் சாத்தச் சொன்னார்.

"ஒரு சந்தேகம், மிஸ் அல்மோன்தே. இந்த ஜோவனுக்கு எதனால ஞாபகம் போச்சு? இதுல ஒரு இடத்துலயும் சொல்ல மாட்டேங்கறாங்களே?"

"அது முதல் பாகத்துல வருது சிஸ்டர். நெரிஸைக் காப்பாத்தறதுக்காக அவனே ஞாபகத்தை அழிக்கற ஊசியைப் போட்டுக்கறான். அவளுக்கு அது தெரியாது. தெரியாமலே திட்டித் தீர்க்கறா, பாவம்..." என்று கண் கலங்கச் சொல்லிக்கொண்டே போனவர், நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சிஸ்டர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். வேலை போயிற்று என்றே ஃபெலிசிதாஸ் முடிவு செய்துவிட்டார்.

"கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி" என்றார் சிஸ்டர், நாற்காலியை நகர்த்திப் போட்டபடி. "எனக்கு கண்ணு வலிக்குது. உக்காந்து நீங்க படிங்க. மெதுவா, வெளிய கேக்கக் கூடாது."

ஜோவன் நெரிஸைத் தாண்டிப் போனான். நின்றான். திரும்பி வந்து அவள் பெயரைச் சொன்னான். படித்தவரும் அழுதார், கேட்டவரும் அழுதார். நெஞ்சில் அத்தனை வருடம் கிடந்த கல் இறங்கியது போலிருந்தது ஃபெலிசிதாஸுக்கு. கதையில் ஒருத்தனாவது திரும்பிப் பார்த்தானே!

"பாவம் ஒண்ணும் இல்ல" என்று தீர்ப்புச் சொல்லிப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டார் சிஸ்டர்.

அதே சந்தோஷத்தோடு வகுப்புக்குப் போன ஃபெலிசிதாஸ், ஜெரிலினின் மேசைமேல் புத்தகத்தை வைத்தார். சும்மா வைத்துவிட்டு வந்திருக்கலாம். இத்தனை வருடப் பழக்கம் விடவில்லை.

"எந்திரிச்சு நில்லு. படிச்ச வரைக்கும் சொல்லு. நீயா இருந்தா ஜோவனை மன்னிப்பியா, மாட்டியா?"

ஜெரிலின் எழுந்து நின்றாள். பின்னால் திரும்பி வகுப்பைப் பார்த்தாள். வகுப்பே தலையைக் குனிந்துகொண்டது.

"ஜோவனா? அது யாரு மிஸ்? நாங்க யாரும் இதைப் பிரிச்சுக்கூடப் பாக்கல... நீங்க படிக்கற வாரத்துல யாரையும் எழுப்பிக் கேள்வி கேக்க மாட்டீங்கன்னுதான், எல்லாரும் காசு போட்டு உங்களுக்காக வாங்கறோம்!"