வாய்தாவுக்கும் முழுக் கட்டணம்

பாறசாலை,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் ஜெனிலுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கு நான் சுகம். மஸ்கட்டில் நீயும் லிஷாவும் குழந்தையும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகம் என்று எழுதியது வழக்கத்துக்காக. சுகமாயிருந்தால் நீ என்னைக் கவுன்சிலிங்குக்கு அனுப்பியிருக்க மாட்டாயே.

நீ பத்துத் தடவைக்குப் பணம் கட்டிய அந்த இடம் நெய்யாற்றின்கரையில் ஒரு டைல்ஸ் கடையின் மாடியில் இருக்கிறது. கவுன்சிலர் ஸ்வப்னா நல்ல பிள்ளை. குறை என்னுடையதாகவும் இருக்கலாம். ஆனால் முன்னறையில் தன்யா என்ற பெண் கையெழுத்து வாங்கிய நிபந்தனைத் தாளை வீட்டில் வைத்து நிதானமாக வாசித்தேன். கோர்ட்டில் பெஞ்சு கிளார்க்காகவே தலை நரைத்த நான் இவ்வளவு இறுக்கமான தாளைக் கண்டதில்லை. அங்கே ஒரு மணி நேரம் என்றால் ஐம்பது நிமிடம். மீதிப் பத்து நிமிடம் எங்கே போகிறது என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

முதல் நாள் ஸ்வப்னாவிடம் முறைப்படி சுகம் விசாரித்தேன். நம்ம பக்கத்தில் ஒருவரிடம் போய் எடுத்த எடுப்பில் சொந்தக் காரியம் பேசினால் கைமாற்றுக்கு வந்தவன் என்றுதானே நினைப்பார்கள்? ஊர் தனுவச்சபுரம் என்றாள். அப்பா யார், அம்மா யார் என்று கேட்டேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்று வீட்டில் ஒரே தர்க்கம் என்றாள். தைரியம் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நேரம் முடிந்தது. கேட்டவன் நான், ஆறுதல் சொன்னவன் நான், பில்லும் எனக்கு.

அடுத்த முறை நேரத்தை மிச்சம் பிடிக்கலாமென்று, சொல்ல வேண்டியதை நாலு பக்கம் எழுதி வாட்ஸாப்பில் முன்கூட்டியே அனுப்பினேன். வாசித்ததற்குத் தனிக் கட்டணம் என்று பதில் வந்தது. பதறிப்போய் மன்னிப்புக் கேட்டு இரண்டு பக்கம் எழுதினேன். அதையும் வாசித்திருக்கிறார்கள். அன்று ஒரு குலை பழமும் கொண்டு போனேன். அன்பளிப்பு வாங்கக்கூடாது என்பதும் தாளில் உண்டாம். திரும்பி வரும்போது பஸ்ஸில் பழக்குலைக்கும் டிக்கெட் எடுத்தேன்.

அதற்கடுத்த வியாழன் காலையில் கொல்லயில் ஊர்ப் பொன்னப்பன் இறந்துபோனார். கோர்ட்டில் என்னோடு டவாலியாக இருந்த மனுஷன். சவம் எடுக்காமல் எப்படி இறங்கி வருவது? துக்க வீட்டிலிருந்தே தன்யாவுக்குப் போன் செய்தேன். "ஒரு நாள் முன்னாடி சொல்லணும் அங்கிள், இல்லேன்னா முழு ஃபீஸ் ஆக்கும்" என்றாள். நான் "சரி மகளே" என்றேன். பக்கத்தில் நின்ற பழைய கூட்டாளி சோமன் போனைப் பிடுங்கி, "எம்மா, பொன்னப்பன் முந்தின நாளே உனக்கு நோட்டீஸ் அனுப்பிட்டுதான் சாவணுமா?" என்று சத்தம் போட்டான். அழுதுகொண்டிருந்தவர்கள்கூட திரும்பிப் பார்த்தார்கள். "எலே தாசு, ஒனக்கு வாயில்லியா?" என்று எனக்கும் கிடைத்தது. கோர்ட்டில் எத்தனை வாய்தா விளித்திருப்பேன்! வாய்தாவுக்கு வக்கீல் காசு வாங்குவார், கோர்ட் வாங்காது.

போன வாரம் சுகம் விசாரிப்பை எவ்வளவோ சுருக்கியும், காரியத்துக்கு வர நேரமாகிவிட்டது. ஒருவழியாகச் சொன்னேன். உனக்கும் சொல்கிறேன். உன் அம்மா போன பிறகு நம்ம வீட்டில் குடும்ப ஜெபம் இல்லை. கல்யாணமான நாள் முதல் அவள்தான் ஜெபிப்பாள், நான் ஆமென் சொல்வேன். இப்போது பாய் விரித்து, வேதபுத்தகத்தையும் எடுத்து வைத்து உட்கார்ந்தால் முதல் வார்த்தை வரமாட்டேன் என்கிறது. என்னிடம் ஆமென் மட்டும்தான் உண்டு. போதகர் ஐயரிடம் சொன்னால் சபைக் கமிட்டியோடு வீட்டுக்கு வந்துவிடுவார். ஸ்வப்னா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா என்ன சொல்லி ஜெபிப்பாங்க, அங்கிள்?" என்று கேட்டாள். வாயைத் திறந்தேன். நேரம் முடிந்ததென்று மேசைமேல் அவள் போன் மணியடித்தது. "டைம் கழிஞ்சு அங்கிள், அடுத்த வியாழம் பேசலாம், கேட்டோ" என்றாள். திறந்த வாயை மூடிக்கொண்டு படியிறங்கினேன்.

அந்தப் பிள்ளைமேல் எனக்குக் கோபமில்லை மக்கா. கூலி வாங்குது, கூலிக்குத் தக்க நேரம் கேக்குது. பெத்த அப்பன் பேசுறதைக் கேக்க கூலிக்கு ஆளு வைக்கணும்னு தோணினது யாருக்கு? அடக்கத்துக்கு வந்தவங்க அம்மைக்க சேலையெல்லாம் பங்கு வச்சு எடுத்துக்கிட்டு, நாலாம் நாளு விமானம் ஏறியாச்சு. அவ எந்த வார்த்தை சொல்லி ஜெபிச்சான்னு ஒருத்தருக்கும் கேக்கத் தோணல்லியே. நான் அதிகமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்.

ஆகையால் மீதியுள்ளவற்றை எல்லாம் ரத்து செய்து, கிடைக்கிற பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள். வாங்கும் வழியும் அந்தத் தாளில்தான் எங்காவது இருக்கும்.

உங்கள் மூவரையும் ஆண்டவர் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். இதற்கு ஆமெனை நானே போட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா விஜயதாஸ்

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டு மடிக்கும்போது உன் போன் வந்தது. மருந்து எடுத்தீங்களா என்றாய், மோட்டார் சரியாச்சா என்றாய். "வேற விசேஷம் ஒண்ணும் இல்லியே அப்பா?" என்றாய். "இல்லை மக்கா" என்றேன். வைத்துவிட்டாய். ஆகவே மேலே ரத்து என்று எழுதியதை மட்டும் வாசிக்காமல் விட்டுவிடு. இந்த வியாழன் நான் போகிறேன். பத்து முடிந்ததும் இன்னொரு பத்துக்குப் பணம் கட்டிவிடு.