வாளி இறங்கும்போது பேசுபவர்

1938 ஜூன் 20. கண்ணாடித் துண்டு, பதினான்கு. ரூ. 0–10–6.
ஜூன் 27. சாயப்பொடியும் தூரிகையும். ரூ. 0–7–0.
ஜூலை 4. தகரம் ஒன்று, தட்டுவதற்கு. ரூ. 0–3–0.
ஜூலை 9. பழைய வாளி ஒன்று, விழுவதற்கு. ரூ. 0–4–0.

ஆக மொத்தம் ரூபாய் ஒன்று, அணா எட்டு, பை ஆறு. ஒரு கதையைப் படமாகவும் சத்தமாகவும் சொல்லப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஆன செலவு இவ்வளவுதான். அதைக் கெடுக்க ஆன செலவு பட்டியலில் இல்லை. அது எப்போதும் இலவசம்.

முந்திச் சொல்பவர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். கூத்துக்குப் போனால் உங்களுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, இப்போது ராஜா வருவார், வந்ததும் கோபப்படுவார், கோபம் நிற்காது, மந்திரி காலில் விழுவார் என்று ராஜா மூஞ்சிக்கு மாவு பூசி முடிக்கும் முன்பே சொல்லி வைப்பவர். பந்தியில் வரப்போகும் பாயசத்தில் ஏலக்காய் போதாது என்று இலையைத் துடைக்கும்போதே எச்சரிப்பவர். சிரிப்புக் கதை சொல்ல வாய் திறந்தால் கதைக்கு முன் தாமே சிரித்துவிடுபவர். முந்திரிக்கொட்டை என்று ஆலங்குடிப் பக்கத்தில் இவரைத் திட்டுவார்கள். திட்டுவது நியாயமா? இவரிடம் கெட்ட எண்ணம் துளிகூடக் கிடையாது. தமக்குத் தெரிந்த ஒன்று அடுத்தவருக்குத் தெரியாமல் இருப்பதைப் பார்க்கச் சகிக்காத இளகிய மனசு, அவ்வளவுதான்.

இதை எழுதும் பேனாவும் அந்த இனத்துக்கு வெகு தூரத்தில் இல்லை. கதையின் முடிவை இங்கேயே சொல்லிவிட்டால் படிப்பவருக்கு நிம்மதியாக இருக்குமே என்று அதற்கும் மை ஊறுகிறது. வேண்டாம். பேனாவைத் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, சூசைமாணிக்கம் சாரைப் பார்ப்போம்.

ஆலங்குடிக்குக் கிழக்கே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் அவர் சரித்திர வாத்தியார். சரித்திரம் அவருக்கு ரொம்பப் பொருத்தம். அதில் எல்லாருடைய முடிவும் முன்பே தெரியும். பள்ளிக்கூடத்தில் அதுவரை பார்ப்பதற்கு ஒரு தேசப்படமும் கேட்பதற்கு ஒரு மணியும்தான் இருந்தன. அந்த வருஷம் புதுக்கோட்டையில் சில பெரிய மனிதர்கள் சேர்ந்து நடத்திய ஒரு சங்கம், சாதாரண மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் கண்ணாடிப் படங்களைப் பெரிதாக்கித் துணியில் விழவைக்கும் மேஜிக் லாந்தர் ஒன்றை வாங்கி, பள்ளிக்கூடங்களுக்கு முறைவைத்துக் கொடுத்தது. பிள்ளைகளே வரைந்து, பிள்ளைகளே சத்தம் கொடுத்து, எந்தப் பள்ளிக்கூடம் நல்ல கதை காட்டுகிறதோ அதற்கே விளக்கு சொந்தம்.

பிள்ளைகள் அந்த விளக்கின் மேல் உயிரையே வைத்துவிட்டார்கள். கறம்பக்குடிச் சந்தை வியாபாரி மகன் சேவுகன் படம் மாற்றுபவன். திரைக்குப் பின்னால் சத்தத்துக்கு அதிகாரி அருளம்மாள்; தகரத்தைத் தட்டினால் இடி, முறத்தில் பயறை உருட்டினால் மழை. கதையும் அவளுடையதுதான். ஊரில் மழை இல்லை. கிணறு வற்றுகிறது. ஊரார் கூடிக் கிணற்றை ஆழமாக்குகிறார்கள். ஒருத்தி வாளியை இறக்குகிறாள். கயிறு ஓடுகிறது. அப்புறம் எந்தச் சத்தமும் இல்லை. கேட்பவன் நெஞ்சு அடித்துக்கொள்ளும் வரை இல்லை. பிறகு, திரைக்குப் பின்னால் தொட்டித் தண்ணீரில் வாளி விழும். கடைசிப் படத்தில் நிறைகுடங்கள்.

ஒத்திகையில் சூசைமாணிக்கம் சார் ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் நின்று, அடுத்து வருவது கிணறு, கறுப்பாகத் தெரிவது ஆழம், பயப்பட ஒன்றுமில்லை என்று விளக்கினார். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த அருளம்மாள் மூன்றாம் நாள் கேட்டாள்.

“எல்லாத்தையும் நீங்களே சொல்லிட்டா படம் எதுக்கு சார்?”

சார் யோசிக்கவே இல்லை. “நான் சொன்னது சரிதான்னு காட்டத்தான்.”

அன்று சாயங்காலம் பிள்ளைகள் கூடிப் பேசினார்கள். மறுநாள் சேவுகன் ஒரு காலிக் கலயத்தோடு வந்தான். கலயத்தின் வாயில் உதட்டை வைத்து ஊதினால் வறண்ட காட்டுக் காற்று அப்படியே கேட்கும். “எங்களுக்கு மூச்சுப் பத்தல சார். காத்து நீங்கதான் ஊதணும். மொதப் படத்துலேருந்து கடைசி வரைக்கும்” என்றான். சாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. காற்று இல்லாமல் கதை ஏது? வாயில் கலயம் இருக்கும் வரை வார்த்தை வராது என்பது பிள்ளைகள் போட்ட கணக்கு. கணக்கு சரி. ஒன்றை மட்டும் மறந்துவிட்டார்கள். வாளி இறங்கும் இடத்தில் எந்தச் சத்தமும் கூடாது. அங்கே காற்றும் நிற்க வேண்டும்.

ஜூலை இருபத்துமூன்று, சனிக்கிழமை, பிற்பகல். ஜன்னல்களில் கடலைச் சாக்கைக் கட்டி இருட்டாக்கிய வகுப்பறையில் ஊரே வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சங்கத்துச் செயலாளர் ரெங்கராஜ் முன்வரிசையில். இடி வந்தது, மழை வரவில்லை, காற்று அருமையாக வந்தது. திரையில் கிணறு. கயிறு ஓடி நின்றது. காற்று நின்றது. கூட்டத்தில் ஒருவரும் மூச்சு விடவில்லை. அந்த மௌனத்தைச் சூசைமாணிக்கம் சார் எவ்வளவு நேரம் தாங்குவார்? பாவம், அத்தனை பேரும் தெரியாமல் தவிக்கிறார்கள். இவருக்கோ தெரியும்.

“பயப்படாதீங்க,” என்றது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். “தண்ணி இருக்கு.”

கூட்டம் மொத்தமும் மூச்சை விட்டது. சிலர் வெற்றிலைப் பையைத் தேடினார்கள். விளக்கு கையை விட்டுப் போய்விட்டது என்று சேவுகனுக்குக் கண் கலங்கியது. அருளம்மாள் மட்டும் சாரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வாளியைத் தொட்டியிலிருந்து தள்ளி எடுத்துப் போய், வெறுங்கல் தரையில் போட்டாள்.

டணார் என்று விழுந்தது.

வெற்றிலைப் பைகள் அப்படியே நின்றன. “இருக்குன்னு சொன்னானே அந்த ஆளு!” என்று முனியாயி என்ற கிழவி வாய்விட்டுச் சொன்னாள். சேவுகன் சட்டென்று கண்ணாடி முன் உள்ளங்கையை வைத்து மறைத்தான். இருட்டு. கையை எடுத்தபோது திரையில் முன்பு காட்டிய கிணறு வெட்டும் படமே மறுபடி நின்றது. ஊரார் மறுபடி வெட்டுகிறார்கள். மறுபடி வாளி. மறுபடி மௌனம், முன்னைவிட நீளமாக. சார் வாயைத் திறந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அடுத்து என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. கலயத்தைக் கட்டிக்கொண்டு அவரும் காத்திருந்தார். தண்ணீர்ச் சத்தம் கேட்டபோது கூட்டத்தோடு சேர்ந்து அவரும் கைதட்டினார்.

ரெங்கராஜ் திரைக்குப் பின்னால் வந்தார். “தண்ணி இருக்குன்னு பொய் சொல்லி ஊரை ஏமாத்துறாரே ஒருத்தர், அந்த வேஷத்துக்கு யாரைப் போட்டீங்க? ரொம்பப் பொருத்தம்.”

“எங்க சார்தாங்க,” என்றாள் அருளம்மாள். “வேஷமே தேவைப்படலைங்க.”

விளக்கை அன்றே கொடுத்துவிட்டார், ஒரு நிபந்தனையோடு. நவராத்திரிக்குப் புதுக்கோட்டையில் சங்கத்தார் முன்னிலையில் இதே கதையை இதே மாதிரி காட்ட வேண்டும். அங்கேயும் நன்றாக நடந்தால் விளக்கு இவர்களுக்கே. இல்லாவிட்டால் அடுத்த பள்ளிக்கூடத்துக்கு. இந்தத் தடவை சாரின் வசனமும் கதையில் சேர்ந்துவிட்டது. ஒரு வரி பொய், மற்றபடி கலயம். அதை மட்டும் யாரிடமும் சொல்லிவிட வேண்டாம் என்று பிள்ளைகள் கெஞ்சினார்கள். சார் சத்தியம் செய்தார்; மனப்பூர்வமாகத்தான் செய்தார்.

நவராத்திரிக்குப் புதுக்கோட்டை போன பஸ்ஸில் வம்பன் ஊரைத் தாண்டும் வரை சார் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு பக்கத்தில் இருந்தவர், நாங்கள் எல்லாரும் சங்கத்துப் படம் பார்க்கத்தான் போகிறோம் என்றார். விஷயம் தெரியாமல் ஒரு மனுஷன் இவ்வளவு தூரம் போகலாமா?

“நான் தண்ணி இருக்கும்பேன், நம்பிடாதீங்க,” என்றார் சார், குரலைத் தணித்து. “வாளி கல்லுல விழும். ரெண்டாந்தரம்தான் தண்ணி. யாருகிட்டயும் சொல்லிடாதீங்க.”

அவரும் சொல்லவில்லை, பஸ்ஸில் இருந்தவர்களைத் தவிர.

புதுக்கோட்டையில் காற்று நின்றது. சார் தமது வரியைச் சொன்னார். “சும்மா சொல்றாரு, இருக்காது” என்று மூன்று வரிசை ஒரே குரலில் பதில் சொல்லிச் சிரித்தது. திரைக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அருளம்மாள் நின்றாள். தொட்டி ஒரு பக்கம், கல் ஒரு பக்கம். வாளியைப் போட மூன்றாவது இடம் இல்லை. கல்லில் போட்டாள். விடை சரியாக வந்த கணக்குக்குத் தட்டுவதுபோல் கைதட்டினார்கள்.

திரும்பும் பஸ்ஸில் விளக்கு அவள் மடியில் இருந்தது. சார் முன் இருக்கையிலிருந்து திரும்பி ஆறுதல் சொன்னார்.

“கவலைப்படாத. வெளக்கு நமக்குத்தான். இப்பவே சொல்லி வைக்கிறேன் பாரு.”

“சொல்லாதீங்க சார்,” என்றாள் அவள்.

நீங்கள் இந்த இனம் இல்லை என்கிறீர்களா? ரொம்பச் சந்தோஷம். ஆனால் சங்கத்திலிருந்து என்ன எழுதி வந்திருக்கும் என்று இதற்குள் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டீர்களே. அவர் கேட்டாரா? போகட்டும், நீங்கள் சொன்னது சரிதான். விளக்கைத் திருப்பி அனுப்பச் சொன்ன கடிதம் வந்து சேர்ந்தது 1938 அக்டோபர் 19, புதன்கிழமை.