கைப்பிடி உறை: கழற்றலும் மாட்டலும்

சைக்கிள் பிறந்த நாள் முதல் மனிதகுலம் ஒரு பெருங்குறையோடுதான் அதை மிதித்துக்கொண்டிருந்தது. ஹேண்டில்பாரின் இரு முனைகளிலும் இருக்கும் ரப்பர் உறையை எப்படிக் கழற்றுவது, எப்படி மாட்டுவது என்று சொல்ல முறையான நூல் ஒன்றுகூட இல்லை. பாவம், ஜனங்கள் கைக்கு வந்தபடி கழற்றினார்கள், கைக்கு வந்தபடி மாட்டினார்கள். அவையும் ஒழுங்காக இருந்து தொலைத்தன. இந்த அவலத்தைக் கண்டு பொறுக்காத ஒரு நிறுவனம், தான் விற்கும் ஒவ்வொரு ஜோடி உறையோடும் பதினாறு பக்க நூல் ஒன்றை இலவசமாகத் தர முடிவு செய்தது. அந்த நூலை இயற்றிய பெருமகனின் கதை இது.

அலுவலகத்தில் அவருக்குக் ‘கையேட்டார்’ என்று பெயர். பன்னிரண்டு வருடங்களாகக் கையேடு எழுதுவதே வேலை. தண்ணீர் வடிகட்டி, மடக்குக் கட்டில், காற்றடிக்கும் பம்பு என்று அவர் விளக்காத பொருள் இல்லை. விளக்கிய பொருள் எதையும் தொட்டதும் இல்லை. அவர் வீட்டில் மடக்குக் கட்டில் ஒன்று இரண்டு வருடமாக மடங்கியே கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் தன் நூலைத் தானே ஒருநாள் படிக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வார். தன்னைப் பற்றி அவருக்கு இருந்த அபிப்பிராயம் அவ்வளவு மோசம் இல்லை, அதுதான் பிரச்சினையே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மனைவி சொன்னாள்: “என்னங்க, என் சைக்கிள்ல கிரிப் ரெண்டும் பிசுபிசுன்னு ஆயிடுச்சு. கையெல்லாம் கறுப்பா ஒட்டுது. புதுசு வாங்கி வெச்சிருக்கேன். நாளைக்குப் போற வழியில கடைக்காரர்கிட்ட குடுத்து மாத்திக்கிறேன். பத்து நிமிஷ வேலை.”

அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பவள். காலை ஆறரைக்கு அங்கே இருக்க வேண்டும். வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருப்பவர்களின் நரம்பை விரலால் தடவியே கண்டுபிடித்துவிடுவாள். அந்த வலது கைதான் அவளுடைய படிப்பு, அனுபவம், சம்பளம் எல்லாம்.

கையேட்டார் செய்தித்தாளை மடித்தார். “கடைக்காரரா? அந்தப் புத்தகத்தையே எழுதினது யாருன்னு தெரியுமா உனக்கு?”

“தெரியும். அதான் கடைக்குப் போறேன்னு சொல்றேன்.”

இந்தப் பதில் அவரை உசுப்பிவிட்டது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு, தான் இயற்றிய நூலின் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு, சைக்கிள் நின்றிருந்த படிக்கட்டுக்குக் கீழே போனார்.

முதல் படி: ‘பணியில் ஈடுபடுபவர் தெளிந்த மனநிலையில் இருத்தல் வேண்டும்.’ இருந்தார். இரண்டாம் படி: ‘மிதிவண்டியை நிலையாக நிறுத்தவும்.’ நிறுத்தினார். மூன்றாம் படி: ‘உறையின் விளிம்பை உரிய கருவியால் நெம்பவும்.’ உரிய கருவி எது என்று நூலில் இல்லை. எழுதியவரையே கேட்டுவிடலாம் என்றால், அவருக்கும் தெரியவில்லை. கடைசியில் சாப்பாட்டுக் கரண்டியின் காம்பை விட்டு நெம்பினார். உறை அசையவில்லை. காலைச் சட்டத்தில் ஊன்றி இரு கையாலும் இழுத்தார். ‘சிறிது பலம் பயன்படுத்தவும்’ என்று எழுதும்போது அந்தச் ‘சிறிது’ எவ்வளவு பெரிது என்று அவர் நினைத்துப் பார்த்ததில்லை. முக்கால் மணி நேரம் கழித்து உறை வந்தது. அதைத் தொடர்ந்து அவரும் பின்பக்கமாக வந்து சுவரில் மோதினார்.

மாடியிலிருந்து மனைவி கேட்டாள்: “என்ன சத்தம்?”

“நாலாவது படி” என்றார்.

மாட்டுவது மட்டும் அற்புதமாக நடந்தது. ஏழாம் பக்கத்தில் ஒன்பதாம் படி: ‘உறையின் உட்புறத்தில் சிறிது எண்ணெய் தடவவும். உறை எளிதாக ஏறும்.’ தையல் மெஷினுக்குப் போடும் எண்ணெயை எடுத்துத் தாராளமாகவே தடவினார். உறை சர்ரென்று ஏறியது. இன்னொன்றும் சர்ரென்று ஏறியது. கையேட்டாருக்குக் கண் கலங்கிவிட்டது. எழுத்தின் வலிமை என்றால் இதுதான்!

மறுநாள் காலை ஆறே காலுக்கு, இறக்கத்தில் இருக்கும் வளைவில், வலது உறை அதைவிடச் சர்ரென்று வெளியே வந்தது.

அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தே வீட்டுக்குத் திரும்பினாள். முழங்கை சிராய்ந்திருந்தது. வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. இடது கையில் அந்த உறை, எண்ணெயோடு. அதைச் சாப்பாட்டு மேஜையில் அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“மூணு வாரம் ஊசி எடுக்கக் கூடாதாம்” என்றாள், டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த பிறகு. “ஏங்க, எண்ணெய் போட்டா வழுக்கும்னு உங்களுக்குத் தோணவேயில்லையா?”

“புத்தகத்துல இருந்துச்சு.”

“புத்தகத்துல யாரு போட்டது?”

கையேட்டார் தட்டைப் பார்த்தார். உண்மையில் முதல் வரைவில் அவர் ‘சோப்புத் தண்ணீர்’ என்றுதான் எழுதியிருந்தார். அதுவும் சொந்தச் சரக்கு இல்லை, ஏதோ பழைய கையேட்டிலிருந்து எடுத்தது. ‘உள்ளடக்க மேம்பாட்டுக் கூட்டத்தில்’ மேலாளர் அந்தச் சொல்லில் வந்து நின்றார். சோப்புத் தண்ணீர் என்றால் நம் தயாரிப்பு அழுக்கு என்று அர்த்தமாகிவிடாதா என்று கேட்டார். எண்ணெய் என்றால் ஒரு கௌரவம் இருக்கிறதே என்றார். ஏன் சோப்புத் தண்ணீர் என்பதற்குக் கையேட்டாருக்குக் காரணம் தெரியாது. சோப்பு காய்ந்ததும் ரப்பர் இறுகப் பிடித்துக்கொள்ளும், எண்ணெய் காயவே காயாது என்பது ஒருமுறையாவது மாட்டிப் பார்த்தவனுக்குத் தெரிந்திருக்கும். ஆகவே அவர், “ஆமாம் சார், எண்ணெய்தான் பொருத்தம்” என்றார். அன்று கூட்டம் பன்னிரண்டே நிமிடத்தில் முடிந்தது. எல்லோரும் பாராட்டினார்கள்.

அலுவலகம் போனதும் புகார்க் கோப்பை எடுத்தார். உறை கழன்று வருவதாகப் பத்தொன்பது கடிதங்கள். பத்தொன்பதுக்கும் பதில் போயிருந்தது: ‘அன்புடையீர், தாங்கள் ஏழாம் பக்கத்தைப் பொறுமையாக மீண்டும் படித்து அதன்படி நடக்க வேண்டுகிறோம்.’ கையெழுத்து அவருடையதுதான். அழகான கையெழுத்து. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்குத் தன் மேலேயே எரிச்சலாக வந்தது.

மேலாளரிடம் போய் நின்றார். “சார், ஒன்பதாம் படியை மாத்தணும். எண்ணெய் வேணாம். என் மனைவி விழுந்துட்டாங்க.”

“அடடா. இப்ப எப்படி இருக்காங்க?”

“மணிக்கட்டு சுளுக்கு.”

“நம்ம உறைதானா?”

“நம்ம உறைதான் சார்.”

மேலாளர் முகம் மலர்ந்தது. “ஊழியர் குடும்பமே நம்ம பொருளை வாங்குது பாருங்க. நல்ல விஷயம்.” பிறகு அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. எண்ணெயை எடுத்தால், இதுவரை எண்ணெய் போட்டது தவறு என்று நாமே ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று ஒருமனதாக முடிவானது. அதற்குப் பதில் பத்தாம் படி ஒன்று சேர்க்கலாம்: ‘பயணத்தின்போது உறையை இறுகப் பற்றுவதைத் தவிர்க்கவும்.’ வாசகத்தை யார் எழுதுவது என்று கேட்டார்கள். எல்லோரும் கையேட்டாரைப் பார்த்தார்கள். அவர் எழுதிக் கொடுத்தார். எழுத்துப் பிழை இல்லை.

மாலையில் மனைவி கேட்டாள்: “என்ன சொன்னாங்க?”

பத்தாம் படியைச் சொன்னார். அவள் கட்டுப்போட்ட கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“நானும் தினம் அம்பது பேர்கிட்ட ‘வலிக்காது’ன்னு பொய் சொல்றவதான்” என்றாள். “ஆனா அவங்க முகத்தைப் பாத்துக்கிட்டு சொல்றேன். உங்க ஊசி யாரைப் போய்க் குத்துதுன்னு நீங்க ஒரு நாளாவது பாத்திருக்கீங்களா? நாளைக்கு லீவு போடுங்க. என்னோட கடைக்கு வாங்க.”

மறுநாள் காலை அவர் சைக்கிளைத் தள்ள, அவள் கூட நடந்தாள். கடை, தெருமுனையில் ஒரு தகரக் கூரைக்குக் கீழே இருந்தது. ஏற்கெனவே மூன்று பேர் காத்திருந்தார்கள். தபால்காரர் ஒருவர், மோவாயில் பிளாஸ்திரி. மருந்துக் கடையில் வேலை செய்யும் ஒரு பெண், கையில் பழைய துணியில் சுற்றிய உறை. கணக்கு வாத்தியார் ஒருவர், முட்டியில் பெரிய கட்டுப் போட்டு, கடையில் இருந்த ஒரே ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

கடைக்காரர் ஹேண்டில்பாரை விரலால் ஒருமுறை தடவி முகர்ந்து பார்த்தார். “இதுவும் எண்ணெய் கேஸா?”

“ஆமாங்க” என்றாள் மனைவி.

“முன்னெல்லாம் பஞ்சர்தான் வரும். இப்ப மூணு மாசமா இதேதான்” என்றபடி துணியில் ஸ்பிரிட்டை ஊற்றிக் கம்பியைத் துடைத்தார். உறைக்குள் கொஞ்சம் சோப்புத் தண்ணீரை விட்டு, திருகி ஏற்றினார். நாலு நிமிடம்கூட ஆகவில்லை. “இன்னிக்கு முழுக்கக் காய விடுங்கம்மா. அப்புறம் நீங்களே இழுத்தாலும் வராது. ஏதோ புத்தகம் குடுக்கறாங்களாம், அதுல எண்ணெய் போடச் சொல்லியிருக்காம். எழுதினவரு யாருன்னுதான் தெரியல.”

மனைவி சக்கரத்தையும் பார்க்கவில்லை, சாலையையும் பார்க்கவில்லை. புருஷனையே பார்த்தாள். கையேட்டார் ஆரக்கம்பிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பேசாமல் இருந்துவிட்டால் வீட்டுக்குப் போய்விடலாம். அலுவலகத்தில் அப்படித்தான் பன்னிரண்டு வருடம் ஓட்டியாயிற்று. ஆனால் அவள் கையில் அந்தக் கட்டு இருந்தது.

“நான்தாங்க” என்றார். கடைக்காரர் காதில் விழவில்லை. இன்னொரு தரம் சொன்னார். “அந்தப் புத்தகத்தை எழுதினது நான்தான்.”

தபால்காரர் மோவாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். திட்டப்போகிறார் என்று கையேட்டார் எதிர்பார்த்தார். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. கடைக்காரர் கையைச் சுத்தமாகத் துடைத்துக்கொண்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

“வாத்தியாரே, கொஞ்சம் எழுந்திரிங்க. சாருக்கு ஸ்டூலைக் குடுங்க.”

வாத்தியார் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் எழுந்து நின்றார்.

“ஐயோ, வேணாங்க. நான் நிக்கறேன்” என்றார் கையேட்டார்.

“நீங்க நிக்கக் கூடாது சார். உக்காருங்க” என்றார் கடைக்காரர், ஸ்டூலைத் துடைத்தபடி. “இங்க நிக்கறவங்க எல்லாரும் நீங்க அனுப்பி வெச்சவங்க.”