போயிட்டு வரேன்

“உங்க லீவு அனுமதிக்கப்பட்டது. நல்லபடியா போயிட்டு வாங்க” என்றது திரை.

நிறுவனருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் எழுதியது லீவு லெட்டர் அல்ல, ராஜினாமா. பதினாறு வருஷம் ரத்தத்தை வியர்வையாகச் சிந்தி வளர்த்த மென்பொருள் நிறுவனத்தை விட்டு விலகுவதாக மூன்று பக்கம் எழுதியிருந்தார். இரண்டாம் பக்கத்தில் அழுதும் இருந்தார்.

மணி மூன்று. ஐந்தே முக்காலுக்கு ரயில். இனி மகள் இருக்கும் ஊரில்தான் வாசம் என்று மனைவி வீட்டையே மூட்டை கட்டிவிட்டார். இதற்கு முன் மூன்று தடவை இப்படி விலகுவதாகச் சொல்லி, மூன்று தடவையும் மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஆபீஸில் வந்து நின்றவர் அவர். “இந்தத் தடவையும் ஏமாத்தினீங்கன்னா நான் மட்டும் ரயில் ஏறிடுவேன்” என்று மனைவி சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிறவர்.

லெட்டரைப் படித்துப் பதில் சொன்னது அவருடைய சொந்தப் படைப்பான ஒரு மென்பொருள். பெயர், ‘புரிஞ்சுது’. ஊழியர்கள் என்ன எழுதினாலும் படித்து, லீவா, புகாரா, ராஜினாமாவா என்று புரிந்துகொண்டு பதில் போடும். ஆரம்பத்தில் அது சரியான மக்கு. மூன்று வருஷத்துக்கு முன்னால் திடீரென்று அதற்கு ஞானம் பிறந்துவிட்டது. தலைவலி என்று எழுதினால், “ராத்திரி தூங்கினீங்களா?” என்று கேட்க ஆரம்பித்தது. “நான் செஞ்ச ஒரு சின்னத் திருத்தம்” என்று நிறுவனர் மேடைக்கு மேடை அடக்கமாகச் சொல்லிக்கொண்டார். தினமும் ஒன்றிலிருந்து இரண்டு வரை அது வாயே திறக்காது. அந்த நேரத்தில் அது கற்றதை அசைபோடுகிறது என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். இதைப் பார்த்து மயங்கித்தான் ஒரு பெரிய கம்பெனி இந்த நிறுவனத்தையே வாங்கியது.

‘புரிஞ்சுது’ விடுவிப்புக் கடிதம் கொடுக்காமல் யாரும் வேலையை விட்டுப் போக முடியாது. அந்த விதியை எழுதிய புண்ணியவானும் அவரேதான்.

வாங்கிய கம்பெனி அனுப்பிய புது மேலாளர் எட்டிப் பார்த்தார். “சார், கடைசி வரியில ‘போயிட்டு வரேன்’னு எழுதியிருக்கீங்க. திரும்பி வரேன்னா அது லீவுதானே? ‘போறேன்’னு மாத்திடுங்க.”

“கிளம்பும்போது யாராவது ‘போறேன்’னு சொல்லுவாங்களாய்யா? எனக்கு வாய் வராது.”

“வாய் எதுக்கு சார், கைதானே எழுதுது?”

கையும் வரவில்லை. ‘போ’ என்று அடித்ததையும் உடனே அழித்தார். தன்னை மாற்றுவதைவிட மென்பொருளை மாற்றுவது சுலபம் என்று முடிவுகட்டி, விதிகள் பக்கத்தைத் திறந்தார். ‘இன்று முதல், வரேன் என்று எழுதினால் அது ராஜினாமா’ என்று சேர்த்தார்.

“நல்லா யோசிச்சுதான் சொல்றீங்களா?” என்று கேட்டது திரை.

ஆமாம் என்று அழுத்தினார்.

பத்தே நிமிஷத்தில் வெளியே கூச்சல். ‘நாளைக்கு லேட்டா வரேன்’ என்று எழுதியவருக்கு வேலை போய்விட்டது. ‘கல்யாணத்துக்குப் போயிட்டு வரேன்’ என்ற கணக்குத் தணிக்கைப் பெண்ணுக்கும் போய்விட்டது. புது மேலாளர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

“சார், ‘பல் டாக்டர்கிட்ட போயிட்டு வரேன்’னுதான் எழுதினேன். என்னை விடுவிச்சாச்சாம்! ‘உடம்பைப் பாத்துக்கோங்க’ன்னு வேற போட்டிருக்கு!”

அடுத்த நொடி நிறுவனரின் திரையில் ஒரு வரி: “மேலாளர் இல்லாததால பொறுப்பு மறுபடி உங்ககிட்ட வந்திருக்கு. வாழ்த்துகள்.” மேலாளர் நாற்காலி காலியானால் நிறுவனர் ஏற்க வேண்டும் என்பதும் அவர் எழுதிய விதிதான்.

போன் அடித்தது. மனைவி.

“எங்க இருக்கீங்க?”

“இதோ கிளம்பிட்டே இருக்கேன்.”

“பதினாறு வருஷமா கிளம்பிட்டே இருக்கீங்க. நான் ஸ்டேஷன்ல இருக்கேன்.” போன் வைக்கப்பட்டது.

நிறுவனருக்கு உண்மையிலேயே பயம் வந்தது. வேலை போனாலும் பரவாயில்லை, அதற்குத்தானே இத்தனை பாடு. மனைவியும் போய்விட்டால்? கண்ணை மூடிக்கொண்டு அடித்தார்: ‘நான் போறேன். திரும்பி வரவே மாட்டேன்!’

பதில் வந்தது: “கோவத்துல எழுதாதீங்க. ஒரு டம்ளர் தண்ணி குடிச்சிட்டு மறுபடி எழுதுங்க.”

அவ்வளவுதான், பொறுமை பறந்துவிட்டது. வரவேற்பறையை ஒட்டிய சின்ன அறைக்குள் பாய்ந்தார். ‘புரிஞ்சுது’ ஓடும் பெட்டி அங்கேதான் தூசி போர்த்திக்கொண்டு இருந்தது. பின்பக்கம் கையை விட்டு, ஒயரை ஒரே இழுப்பாக இழுத்துப் பிடுங்கினார். பெற்ற பிள்ளையை அடித்துவிட்டது போல் இருந்தது.

சட்டைப்பையில் போன் சிணுங்கியது. ‘புரிஞ்சுது’விடமிருந்து செய்தி: “தண்ணி குடிச்சீங்களா?”

நிறுவனர் அதை இரண்டு தடவை படித்தார். ஒயரைக் கையில் பிடித்தபடியே வெளியே வந்தார். வரவேற்பு மேசை அக்கா எப்போதும் போலக் குனிந்து கணினியில் தட்டிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமும் இந்தம்மா யாரிடம் அரட்டை அடிக்கிறார் என்றே நிறுவனர் எரிச்சல்பட்டிருந்தார்.

“ஏம்மா, ஒயரைப் பிடுங்கியாச்சு. அப்புறமும் அது எப்படிம்மா பதில் போடுது?”

அக்கா தலை நிமிர்ந்தார். மேசையில் இருந்த தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார்.

“அந்தப் பொட்டி படுத்துக்கிட்ட அன்னைக்கு, ‘ரெண்டு நாளைக்கு எல்லா லெட்டருக்கும் நீயே பதில் போடும்மா, போயிட்டு வரேன்’னு சொல்லிட்டுப் போனீங்க சார், மூணு வருஷமா நான் போட்டுட்டேதான் இருக்கேன், நீங்கதான் இன்னும் அதைச் சரிபண்ண வரல.”