பாலத்தின் நடுவில் நிற்கும் அங்கம்மா

ஜோகூர் பாரு,
1924-ம் வருஷம், ஆடி மாதம்.

சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் வசிக்கும் மகாராஜராஜஸ்ரீ மச்சான் வீரமுத்து அவர்கள் சமுகத்துக்கு, மாப்பிள்ளை சபாபதி கைகூப்பி எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும், இரண்டாந்தாரம் காளியம்மாவும், தங்கள் மருமகள் வெள்ளையம்மாவும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் மரியாதை. ஆனால் குழந்தை ஒருத்திதான் சௌக்கியம்.

தங்கள் தங்கை அங்கம்மா காய்ச்சலில் போனபிறகு, நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஜலசந்தி தாண்டி இங்கே குடியேறியதும், ஆறே மாதத்தில் காளியம்மாவைக் கட்டிக்கொண்டதும், செத்தவர்கள் உப்புத்தண்ணீர் தாண்டமாட்டார்கள் என்ற ஒரே தைரியத்தில்தான். அதில் மண்ணைப் போட்டார்கள். மண்கூட இல்லை, கருங்கல். இரண்டு சர்க்காரும் கூடிப் பேசி, சரக்கும் சனமும் தடையில்லாமல் போய்வரவேண்டும் என்று கடலை அடைத்து ரயிலும் ரோடும் போட்டார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்டார்களா? பாலம் திறந்த மறுவாரமே, காலையில் எழுந்த வெள்ளையம்மா தலையில் ஐந்துகால் பின்னல். காளியம்மாவுக்கு மூன்றுகால் பின்னலே கோணும். தொட்டால் ஈரம், நாக்கில் வைத்தால் உப்பு.

அதன்பிறகுதான் பூசாரி சொன்னபடி, இந்த முனையில் நானும் அந்த முனையில் தாங்களும் ஒரே வெள்ளிக்கிழமை மந்திரித்த எலுமிச்சம்பழம் கட்டினோம். நாம் இருவரும் ஒற்றுமையாகச் செய்த காரியம் அது ஒன்றுதான், அதிலும் பிசகு. கட்டின நேரத்தில் அவள் பாலத்தின் மேல் இருந்திருக்கிறாள். இப்போது அங்கேயும் போகமுடியாமல், இங்கேயும் வரமுடியாமல் நட்டநடுவில் நிற்கிறாள். சரக்கு ரயில் டிரைவர் அந்த இடம் வந்தால் ஊதுகிறான். சேலை கட்டின யாரோ ஒருத்தி தண்டவாளத்தோரம் நிற்கிறாள், நெருங்கினால் வெறுங்கல்தான் என்கிறான். சுங்கச்சாவடி மலாய்க்காரர் என்னைக் கண்டால் "காசியான், தம்பி" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். யாருக்காகப் பரிதாபப்படுகிறார் என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

வெள்ளையம்மா உச்சி வெயிலில் கரையில் போய் நின்று பாலத்தையே பார்க்கிறாள். நேற்று தரதரவென்று இழுத்துவந்து, "அம்மா கூப்பிட்டா போயிடுவியா?" என்று கேட்டேன்.

"கூப்பிடலப்பா. அம்மாவுக்குக் கல்லுல நின்னு நின்னு காலு சுடுதாம்."

பேய்க்குக் காலே கிடையாது என்று அதட்டிவிட்டேன். ஆனால் சோறு இறங்கவில்லை. பயம்தான், வேறொன்றுமில்லை. குழந்தையைக் கொண்டுபோய்விடுவாளோ என்று செத்துச் செத்துப் பிழைக்கிறேன். ஆகையால் தங்கள் பக்கத்துப் பழத்தை உடனே அவிழ்த்து, தங்கள் தங்கையைத் தங்கள் வீட்டுக்கே அழைத்துக்கொள்ளவும். இந்தப் பக்கம் நான் அவிழ்ப்பதாக இல்லை.

தங்கள் சம்சாரத்துக்கு நமஸ்காரம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். இரு சர்க்காரும் நூறாண்டு ஒற்றுமையாக இருக்கட்டும்; இன்னொரு பாலம் மட்டும் போடவேண்டாம்.

இப்படிக்கு,
சபாபதி

பின்குறிப்பு: ஒட்டின உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். நேற்று சாயங்காலம் தபாலாபீசுக்குக் கிளம்பினேன், கால் பாலத்துப் பக்கம் போய்விட்டது. இந்தப் பக்கத்துப் பழத்தை நானே அவிழ்த்துவிட்டேன். தாங்கள் ஒன்றும் செய்யவேண்டாம். இன்று காலை வாசலிலிருந்து அடுக்களை வரை ஈரக் காலடிகள். குதிகால் பதியவில்லை, சூடுபட்டவள் நுனிக்காலில் நடந்த தடம். அலறிக்கொண்டு வந்த காளியம்மா அதைப் பார்த்துவிட்டு, "உக்காருங்கக்கா" என்று மணையை எடுத்துப் போட்டாள். வெள்ளையம்மா தன் செருப்பைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அது போதாது. அங்கம்மாவின் பழைய கட்டைச் செருப்பு அங்கே கிடந்தால், பாலத்து வழியாக வரும் யாரிடமாவது கொடுத்தனுப்பவும்.