குன்வோரின் கார் பெட்ரோல் குடித்த கதை

நான்காவது வியாழக்கிழமையும் கார் இருமியது. இருமியதோடு நிற்காமல் சைலன்சர் வழியாக ஒரு வெடியும் வெடித்தது. தெருமுனையில் வந்துகொண்டிருந்த தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்கி, கொஞ்சம் யோசித்துவிட்டு, வேறு வழியாகப் போனார்.

"போன வாரம் வெடிக்கலையே," என்றார் காருக்குச் சொந்தக்கார அம்மாள் குன்வோர்.

"டைமிங்கைக் கொஞ்சம் மாத்தினேன். அதுதான்," என்றார் ஸ்டூரே.

"டைமிங்னா என்னன்னு இன்னொரு தடவை சொல்லுங்களேன்."

பிளக் எந்த நொடியில் பொறி விட வேண்டும் என்பதுதான் என்று சொன்னார். ஸ்டூரேவுக்கு அறுபத்து மூன்று வயது. மர ஆலையில் முப்பது வருடம் இயந்திரங்களைக் கட்டி மேய்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேண்டாம் என்றல்ல, யாரிடமும் கேட்க வாய் வரவில்லை. அப்படிப்பட்டவர் இந்த நான்கு வியாழக்கிழமைகளில் பேசித் தள்ளியிருந்தார். குன்வோர் கேட்கிற அழகு அப்படி. முகவாயைக் கையில் தாங்கிக்கொண்டு, கார்புரேட்டர் என்ன செய்கிறது, பிளக் ஏன் கறுக்கிறது என்பதையெல்லாம் ஏதோ காதல் கதை கேட்பதுபோலக் கேட்பார். பேச்சு சுவாரசியத்தில் ஸ்டூரே கையை நீட்டினால், எந்த ஸ்பேனர் வேண்டுமென்று சொல்வதற்கு முன்பே சரியான ஸ்பேனர் கையில் வந்து விழும். என்ன கவனம், நாம் சொல்லித் தருவது எப்படிப் பிடிபடுகிறது என்று ஸ்டூரே வியந்துபோனார்.

குன்வோர் போன இலையுதிர்காலத்தில்தான் பக்கத்து மஞ்சள் வீட்டுக்குக் குடிவந்தார். குளிர்காலம் முழுக்க இருவரும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பனியை வாரிக்கொண்டு தலையாட்டிக்கொண்டதோடு சரி. அந்த வெர்ம்லாந்து மாகாணத்துப் பக்கம் காரியமில்லாமல் யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை. தட்டினால், யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைப்பார்கள். ஆனால் ஏப்ரலில் குன்வோரின் முப்பது வயதுக் கார் கறுப்புப் புகை கக்கியது. அது காரியம், அதைச் சரிபார்க்க ஸ்டூரே வந்தார். காரியமாக வந்தவருக்குக் காபி கொடுத்தாக வேண்டும். வந்தது வியாழக்கிழமையாகிவிட்டதால், ஊர் வழக்கப்படி பட்டாணி சூப்பும் பான்கேக்கும் கொடுத்தாக வேண்டும்.

முதல் வாரமே ஸ்டூரே பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தார். நான்கும் கரி பிடித்து, பெட்ரோலில் நனைந்திருந்தன.

"பெட்ரோல் அளவுக்கு மீறிப் போகுது. எரிய முடியாம திணறுது, அதான் மிஸ்ஸிங். ஏர் ஃபில்டர் அடைச்சிருக்குமோ?"

"ஃபில்டர் புதுசு. போன மாசம்தான் நானே மாத்தினேன்," என்று குன்வோர் மூடியைத் திறந்து காட்டினார். ஃபில்டர் பால்போல் வெளுத்திருந்தது. அதோடு காற்றுப் பக்கத்தை ஸ்டூரே மறந்தார். ஒருவர் காற்றில் குறையில்லை என்று காட்டிய பிறகு மேலும் துழாவினால், அவரை நம்பவில்லை என்று ஆகிவிடும். ஸ்டூரே அப்படி வளர்க்கப்பட்டவர் அல்ல.

பிளக்குகளை மாற்றினார். கார் தேவாலயம் வரை நன்றாக ஓடி, அங்கே நின்றுவிட்டது. அடுத்த வாரம் கார்புரேட்டரைப் பிரித்து, பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையைத் தாழ்த்தினார். இப்போது சமதரையில் புகைந்தது, மேட்டில் மூச்சுவாங்கியது. மூன்றாம் வாரம் கார்புரேட்டர் திருகை இறுக்கி பெட்ரோலைக் குறைத்தார். சும்மா நிற்கும்போதே குதிக்க ஆரம்பித்தது. நான்காம் வாரம்தான் அந்த வெடி. ஐந்தாம் வாரம் வெடியை நிறுத்தினார், காரும் நின்றுவிட்டது.

அன்றைக்குச் சூப்பை ஊற்றிக்கொண்டே குன்வோர் சொன்னார்: "அடுத்த வெள்ளிக்கிழமை வாகன ஆய்வு நிலையத்துல காட்டணும். தேறலைன்னா காயலான் கடைக்குப் போட்டுடறேன். எனக்கென்ன, பஸ் இருக்கு."

ஸ்டூரே கரண்டியைக் கீழே வைத்தார். கார் காயலான் கடைக்குப் போனால் வியாழக்கிழமை போச்சு. கார் சரியானாலும் வியாழக்கிழமை போச்சு. வேறொருவராக இருந்தால் கொஞ்சம் பழுதை மிச்சம் வைத்துக்கொண்டே இழுத்தடித்திருப்பார். வேண்டுமென்றே ஒரு வண்டியைக் கெடுத்துவைக்கலாம் என்ற யோசனை ஸ்டூரேவின் புத்தியில் ஏறவே ஏறாது. அவர் நல்லவர், அதுதான் அவருடைய கஷ்டம்.

ஆறாவது வியாழக்கிழமை, பிளக் மூடி ஒன்று கைநழுவி காரின் முன்பக்கம் உருண்டது. அதை எடுக்க மல்லாந்து படுத்தார். ஹெட்லைட்டுக்குப் பின்னால், காற்று உள்ளே போகிற குழாயின் வாய் தெரிந்தது. அதற்குள் சாம்பல் நிறத்தில் ஏதோ இருந்தது. இரண்டு விரலை விட்டு இழுத்தார். முழு நீளத்துக்கு வந்தது ஒரு கம்பளிக் காலுறை.

ஸ்டூரேவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குளிர்காலத்தில் காரை நிறுத்திவைக்கும்போது எலி நுழையாமல் குழாயில் துணி திணிப்பது அங்கே எல்லாரும் செய்வதுதான். பாவம், வசந்தம் வந்ததும் எடுக்க மறந்துவிட்டார். காலுறையில் ஒரு தூசு இல்லை, சோப்பு வாசனைகூட வந்தது. காரைப் பிள்ளை மாதிரி பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார் என்று ஸ்டூரேவுக்கு மனம் இளகியது.

ஐந்து வாரமாகத் திருகியதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பழைய நிலைக்குத் திருப்பினார். சாவியைத் திருகினார். புகை இல்லை, குதிப்பு இல்லை. தைக்கிற மிஷின் மாதிரி ஓடியது.

குன்வோர் பான்கேக் கரண்டியோடு வாசலுக்கு வந்தார். மறதியைச் சொல்லி அவரைக் கூச வைப்பானேன் என்று ஸ்டூரே காலுறையைச் சட்டைப் பையில் செருகினார்.

"கார்புரேட்டர் ஜெட்டுல அடைப்பு. எடுத்துட்டேன்."

குன்வோரின் பார்வை ஒரு கணம் அந்தப் பையில் நின்றது. "அப்போ அடுத்த வியாழக்கிழமை வேலை இல்ல," என்றார்.

"இல்ல," என்றார் ஸ்டூரே. சும்மா வரட்டுமா என்று கேட்டிருக்கலாம். தன் மேல் அவருக்கே ஆத்திரமாக வந்தது. பான்கேக் ஜாமில்லாமல் உள்ளே போனது, இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

மறுநாள், காருக்கென்று வாங்கி மிஞ்சிய, பிரிக்காத பாயிண்ட் செட் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுக்க, டவுனில் யெர்கரின் உதிரிபாகக் கடைக்குப் போனார். பாக்கெட்டைத் துழாவியபோது காலுறையும் மேஜையில் வந்து விழுந்தது.

"இது எந்த பார்ட்டு அண்ணே?" என்றான் யெர்கர்.

"பக்கத்து வீட்டு குன்வோர் அம்மா கார்ல, காத்துக் குழாயில இருந்துச்சு தம்பி. எலிக்கு வெச்சு மறந்துட்டாங்க. நான் கண்டுபிடிக்க ஆறு வாரம். அவ்வளவு நாளும் பாவம், எனக்குச் சூப்பும் காபியுமா..."

யெர்கர் காலுறையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் முகம் பள்ளிக்கூடப் பையன் முகமாக மாறியது.

"குன்வோர் டீச்சரா? தொழிற்பள்ளியில இருபத்தேழு வருஷம் எங்களுக்கெல்லாம் இன்ஜின் பாடம் எடுத்தவங்க அண்ணே. கடைசிப் பரீட்சைக்கு வருஷா வருஷம் இப்படித்தான் காத்துக் குழாயில ஒரு காலுறையைத் திணிச்சு வெப்பாங்க."

ஸ்டூரேவுக்கு, கேட்காமலே கைக்கு வந்த ஸ்பேனர்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன.

யெர்கர் பெருமூச்சு விட்டான். "நான் பத்தே நிமிஷத்துல கண்டுபிடிச்சேன். எனக்கு ஒரு வாய் காபிகூடக் குடுக்கல."