சித்தேரி போகும் வழியில் ஒரு மொழிபெயர்ப்பு

ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு ஆங்கிலம் பேச வரும் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. நம்புகிறவர்களின் மனதை நோகடிப்பானேன் என்று நாங்களும் சும்மா இருந்துவிடுகிறோம்.

அரூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் சேர்ந்த முதல் ஆள் நான். புது மிக்ஸியோடு வரும் புத்தகத்தைப் படித்துச் சொல்ல, கஸ்டமர் கேரில் சண்டை போட, எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒருமுறை வழி தவறி வந்த வடநாட்டு லாரி டிரைவருக்கு வழி சொல்லக் கூப்பிட்டார்கள். அவர் பேசியது இந்தி. அதற்காக நான் பின்வாங்கவில்லை. தொப்பூர் போக வேண்டியவர் திருவண்ணாமலையில் போய் நின்றதாகப் பிறகு கேள்விப்பட்டேன். (அவர் உச்சரிப்பு சரியில்லை.)

அப்படிப்பட்ட என் தன்னம்பிக்கைக்கு ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. ஸ்பெயினில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் அண்ணன் சரவணன், கல்யாணம் செய்துகொள்ளப் போகும் பெண்ணோடு லீவுக்கு வந்து இறங்கினான். பெயர் ரோசியோ. அம்மா அதை வாசலிலேயே "ரோசா" என்று திருத்திவிட்டாள். இதில் எனக்குச் சொந்தமான சந்தோஷம் ஒன்று இருந்தது. ரோசியோவும் அவள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம்தான் படித்துக்கொண்டிருந்தாள்.

முதல் நாளே ஒட்டிக்கொண்டோம். நானூறு வருடப் பழைய நாடகத்தில் ராஜா சாகும்போது பேசும் வசனம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். எனக்கும் பாடம். தேங்காய்த் துருவிக்கு ஆங்கிலத்தில் என்ன என்று மட்டும் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அவள் எந்த நாவலையும் முதலில் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பில் படித்துவிட்டுத்தான் ஆங்கிலத்தைத் திறப்பாளாம். நான் கைடைப் படித்துவிட்டு நாவலைத் திறக்காமலே விட்டுவிடுவேன். "வகுப்பில் பேசச் சொன்னால் வாய் காய்ந்துவிடும்" என்றாள். என் வாயும்தான். அவளால் 'ஸ்கூல்' என்று சொல்ல முடியாது. ஸ்பானிஷ் நாக்குக்கு 'ஸ்' வருவதற்கு முன்னால் ஒரு உயிரெழுத்து வேண்டுமாம், 'எஸ்கூல்' என்பாள். என் அத்தையும் ஆயுசு முழுக்க 'இஸ்கூல்' என்றுதான் சொல்லி வந்திருக்கிறாள். இரண்டு பேரும் உறவாகிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது அதைக் கேட்டபோதுதான்.

ஆனால் அத்தைக்கு அப்படித் தோன்றவில்லை. அப்பாவின் அக்கா அவள். அவள் தலையாட்டாமல் எங்கள் வீட்டில் ஒரு கிணறுகூட வெட்டியதில்லை. அண்ணன் கல்யாணப் பேச்சை எடுத்ததும் அத்தை சொன்னாள்:

"ஞாயித்துக்கெழம சித்தேரி மலைக்குப் போயி குலசாமிக்குப் பொங்க வெக்கறோம். புள்ளையும் வரட்டும். ஒரு நாளு கூட இருந்து பாத்துட்டு அப்பறம் சொல்றேன்."

அதாவது பரீட்சை. அந்த நேரம் பார்த்து அண்ணனுக்குப் பெங்களூரில் ஆபீஸ் வேலை வந்தது. "நேரா கோயிலுக்கே வந்துடறேன். அதுவரைக்கும் நீ பாத்துக்க, தேனு. அவ என்ன சொன்னாலும் அத்தைகிட்ட ஒழுங்கா சொல்லு" என்றான்.

"நீ கவலைப்படாத. இங்கிலீசு என் சப்ஜெக்ட்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரோசியோ எழுந்து வந்தபோது முகம் வீங்கி, கண் சிவந்து, பாவமாக இருந்தாள். என்ன என்று கேட்டேன். (இனி நாங்கள் ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழிலேயே தருகிறேன். அசலைவிட நன்றாக இருக்கும்.)

"ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. ரொம்ப கான்ஸ்டிபேட்டட் ஆக இருக்கிறேன்" என்றாள்.

கான்ஸ்டிபேட்டட். மலச்சிக்கல். எனக்குத் தெரிந்த வார்த்தை! டிக்‌ஷனரி தேவைப்படவில்லை. சமையலறைக்கு ஓடி, அங்கிருந்த அம்மா, அத்தை, பெரியம்மா எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தேன்:

"அம்மா, அவளுக்கு வெளிய போகலயாம்."

"அய்யோ பாவம், தண்ணி மாறுனது ஒத்துக்கல" என்றாள் அம்மா. உடனே சூடான பாலில் விளக்கெண்ணெய் ஊற்றிக் கலக்கினாள். நான் டம்ளரை நீட்டி, "கான்ஸ்டிபேஷனுக்கு என் அம்மாவின் மருந்து" என்றேன்.

ரோசியோவின் கண் கலங்கியது. "எவ்வளவு அன்பு! எங்கள் வீட்டிலும் இதற்குச் சூடான பால்தான். தேன் கலந்து கொடுப்பார்கள்."

"இதில் தேன் இல்லை. ஆனால் இன்னும் நன்றாக வேலை செய்யும்."

"எல்லாம் வெளியே வந்துவிடுமா?"

"ஒரு சொட்டு தங்காது."

"நல்லது. மூச்சுகூட விட முடியவில்லை" என்றாள்.

இதையும் நான் ஒழுங்காக மொழிபெயர்த்தேன். "மூச்சு விட முடியலயாம்மா."

அம்மா பதறிவிட்டாள். "வாயு மேல ஏறிருச்சாட்ட இருக்குது. இரு இரு." பாலில் இன்னொரு கரண்டி விளக்கெண்ணெய் விழுந்தது.

ரோசியோ மூக்கைக்கூடப் பிடித்துக்கொள்ளாமல் அவ்வளவையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, எண்ணெய் மினுங்கும் உதட்டோடு அம்மாவைப் பார்த்து "ரொம்ப நல்லா" என்று தமிழில் சொன்னாள். நான் சொல்லிக்கொடுத்த இரண்டே வார்த்தை. சமையலறையே நெகிழ்ந்துபோனது. அத்தை மட்டும் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "குடிக்கறது பெருசில்ல. பாக்கலாம்" என்றாள்.

வேன் கிளம்பியது. அத்தை ரோசியோவைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். மலைப்பாதை தொடங்கும் வரை ரோசியோ ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தாள். முதல் வளைவில் சிரிப்பு நின்றது. அடுத்த வளைவில் முன்சீட்டில் இருந்த என் தோளைப் பிடித்தாள். ஜாக்கெட் தையல் விட்டுப்போகும் அளவுக்குப் பிடி.

"தேனு, உன் அம்மாவின் மருந்து நெஞ்சுக்குப் போகவில்லை."

"பின்னே?"

"வேறு பக்கம் போகிறது."

"அதுதானே அதன் வேலை" என்றேன், மருந்துக் கம்பெனி முதலாளி மாதிரி.

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுக்க ஆரம்பித்தாள். அத்தை முகம் கொஞ்சம் மலர்ந்தது. "சாமி கும்புடுதா புள்ள?" நான் காதைக் கொடுத்துக் கேட்டேன். ராஜா சாகும்போது பேசும் வசனம்.

"நிறுத்துங்கண்ணா!" என்று கத்தினேன்.

"வளைவுல நிறுத்த முடியாதும்மா. இதோ மேல ஊரு வந்துரும்" என்றார் டிரைவர்.

ஊர் வந்தது. வந்த முதல் வீட்டின் முன்னால் வேன் நிற்பதற்குள் ரோசியோ குதித்துவிட்டாள். பின்னால் நான், அத்தை, அம்மா, அப்பா, பெரியப்பா, பொங்கல் பானை சகிதமாக மொத்தக் குடும்பம். வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்த அக்கா, ஒரு வெள்ளைக்காரி தலைமையில் கூட்டம் ஓடி வருவதைப் பார்த்து முறத்தைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள்.

"அக்கா, கக்கூஸ் இருக்குதுங்களா?"

அவள் முகம் வெளுத்தது. "இருக்குதுங்க! கெவருமெண்டு கட்டிக் குடுத்தது நல்லா இருக்குதுங்க! தெனமும் யூஸ் பண்றோமுங்க! வூட்டுல எல்லாருமே!"

"இல்லக்கா, அவசரம்."

"வெளிநாட்டுல இருந்தெல்லாம் வந்து பாக்கறீங்களா! நாங்க காட்டுப் பக்கம் போறதே இல்லீங்க" என்று கதவை மறைத்துக்கொண்டு நின்றாள். அத்தை அவளை மெல்ல நகர்த்திவிட்டுக் கதவைத் திறந்தாள். உள்ளே தரையிலிருந்து கூரை வரை சாமை மூட்டைகள்.

ரோசியோ சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலை எல்லோருக்கும் புரிந்தது. அதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. அத்தைதான் முதலில் முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"நின்னு வேடிக்க பாக்கறீங்களே! தூக்குங்கடா!"

பெண் பார்க்க வந்த என் குடும்பம் மூட்டை தூக்கியது. பட்டு வேட்டியோடு அப்பா, பெரியப்பா, டிரைவர் எல்லோரும். கடைசி மூட்டை வெளியே வருவதற்கும் ரோசியோ உள்ளே பாய்வதற்கும் இடையில் காற்றுகூடப் புகுந்திருக்க முடியாது. அத்தை கதவுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

"ஆம்பளைங்க எல்லாம் அந்தப் பக்கம் திரும்பி மலையப் பாருங்க!"

பார்த்தார்கள். ரொம்ப நேரம் பார்த்தார்கள்.

ரோசியோ வெளியே வந்து முகம் கழுவிவிட்டு ஒரு தும்மல் போட்டாள். மரத்திலிருந்த காக்கைகள் பறந்தன. பிறகு என்னிடம் மரியாதையாகவே சொன்னாள். "இந்திய மருந்து மிகவும் பலமானது. ஆனால் மூக்கு இன்னும் அப்படியேதான் இருக்கிறது."

"மூக்கா? மூக்குக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"காலையிலிருந்து அதைத்தானே சொல்கிறேன்? கான்ஸ்டிபேட்டட்!" என்று மூக்கை உறிஞ்சிக் காட்டினாள். "ஸ்பானிஷிலும் இதே வார்த்தைதான். கொன்ஸ்திபாதோ. மூக்கு ஒழுகும், தும்மல் வரும், மூச்சு விட முடியாது."

என் காலுக்குக் கீழே சித்தேரி மலை கொஞ்சம் நகர்ந்தது. சளி. பெண்ணுக்கு வெறும் சளி. சிவந்த கண்ணைக் காலையில் நானே பார்த்தேன். மூச்சு விட முடியவில்லை என்றதைக் காதால் கேட்டேன். ஆனாலும் வார்த்தைக்கு அர்த்தம் தெரிந்த சந்தோஷத்தில் ஆளைப் பார்க்க மறந்துவிட்டேன்.

"என்னடி சொல்றா?" என்றாள் அத்தை.

நிமிட நேரம் யோசித்தேன். 'மலை அழகாக இருக்கிறதாம்' என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் அந்தப் பெண் இன்னொரு தும்மல் போட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

அத்தை என் பக்கம் திரும்பினாள். "அப்ப புள்ளைக்குச் சளியா?"

"ஆமாங்கத்தை."

"சளிக்கு வெளக்கெண்ண ஊத்துனோமா?"

"ரெண்டு கரண்டிங்கத்தை."

"நீ காலேஜுல என்னாத்தடி படிச்ச?"

"இலக்கியங்கத்தை."

ரோசியோ என் கையைச் சுரண்டினாள். அந்த ஆங்கில வார்த்தைக்கு உண்மையில் என்ன அர்த்தம் என்று அவள் காதில் சொன்னேன். இப்போது அழுதுகொண்டு ஊருக்குக் கிளம்பிவிடுவாள், அண்ணன் என் முகத்தில் விழிக்க மாட்டான் என்று நினைத்தேன். அவள் அப்படியே ஒரு சாமை மூட்டைமேல் உட்கார்ந்தாள். தோள் குலுங்கியது. பிறகு சிரித்தாள் பாருங்கள், மலையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆண்கள்கூடத் திரும்பிவிட்டார்கள். ஸ்பானிஷ்காரர்கள் ஆங்கிலத்தில் ஏமாந்துபோகும் வார்த்தைகளைப் பற்றி அவளுடைய பேராசிரியர் முதல் வருடமே ஒரு முழு வகுப்பு எடுத்தாராம். அதில் முதல் வார்த்தையே இதுதானாம்.

"அப்புறம் ஏன் உனக்குத் தெரியவில்லை?"

"அன்றைக்கு நான் வகுப்புக்குப் போகவில்லை" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சளி."

இதை மொழிபெயர்த்ததும் அத்தைக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. வீட்டுக்கார அக்கா மட்டும் இன்னும் கவலையாக நின்றிருந்தாள்.

"அப்ப நீங்க கக்கூஸ் பாக்க வந்த ஆபீசருங்க இல்லீங்களா?"

"இல்லக்கா."

"அப்ப மூட்டைய எல்லாம் எடுத்தாப்புல உள்ள வெச்சிருங்க."

வைத்தோம்.

கோயிலில் பொங்கல் பொங்கி முடிந்த பிறகு அண்ணன் இஸ்திரி கலையாத சட்டையோடு வந்து சேர்ந்தான். ரோசியோ அத்தையின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். அத்தை அவள் நெற்றியில் சுக்குப் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சு?" என்றான்.

"ஒண்ணும் ஆகலடா. மொகூர்த்தம் பாக்கச் சொல்லிட்டேன்" என்றாள் அத்தை. "நம்ம வூட்டுக்கு வாக்கப்பட்டா இன்னும் என்னென்னத்தையோ குடிக்கோணும். இவ தாங்குவா."

கல்யாணம் அரூரில் நடந்தது. ரோசியோ, அதாவது அண்ணி, இப்போது அவள் ஊரில் ஆங்கில ஆசிரியை. ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் இந்தக் கதையைச் சொல்கிறாளாம். என் பெயரைத் தெரிந்துவைத்திருக்கும் குழந்தைகள் அந்த ஊரில் ஒரு பள்ளிக்கூடம் நிறைய இருக்கிறார்கள். நானும் ஆங்கிலம்தான் சொல்லிக்கொடுக்கிறேன், தன்னம்பிக்கை குறையாமல்.

எங்கள் வீட்டில் அன்றிலிருந்து யாருக்கும் சளி பிடிப்பதில்லை. எல்லோருக்கும் கான்ஸ்டிபேஷன்தான். வீட்டோடு இருந்திருந்தால் பரவாயில்லை. போன மழைக்காலத்தில் அத்தைக்கு உடம்பு முடியாமல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டாள்.

"ஒரு வாரமா கான்ஸ்டிபேசனுங்க, டாக்டரு. மூக்குல ஊத்திக்கிட்டே இருக்குது."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, விளக்கம் வேண்டி என்னைப் பார்த்தார்.

"அத்தை ஸ்பானிஷ்ல சொல்றாங்க, டாக்டர்" என்றேன்.